குறையக் குறைய வேகம்: ஸ்பேஸ் இன்வேடர்ஸும் அதன் வழிநூல்களும்

ஒரு இயந்திரத்துக்காக எழுதிய கேமை இன்னொரு இயந்திரத்தில் ஓடும்படி மாற்றி எழுதுவதை 'போர்ட்' என்கிறோம். போர்ட்களை ஒப்பிடும் வீடியோக்கள் யூட்யூபில் கொட்டிக் கிடக்கின்றன. திரையை நாலாகப் பிரித்து, நாலு கன்சோல்களில் ஒரே கேமை ஓடவிடுவார்கள். எதில் நிறம் சரியில்லை, எதில் சத்தம் வேறு மாதிரி, எதில் எதிரிகள் குறைவு என்று வரிசையாகச் சொல்லி மார்க் போடுவார்கள். மூலத்துக்கு எவ்வளவு கிட்டே வருகிறதோ அவ்வளவு மார்க். அவ்ளோதான் விமர்சனம்.

இந்த வீடியோக்களை ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து பார்க்கிற ஆள் நான். ஆனால் பார்க்கப் பார்க்க ஒரு கேள்வி மட்டும் மண்டையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. மூலத்துக்குக் கிட்டே என்றால், மூலத்தில் எதற்குக் கிட்டே? நிறத்துக்கா, எண்ணிக்கைக்கா, சத்தத்துக்கா, இல்லை ஆடுகிறவன் வயிற்றுக்குள் நடக்கும் ஏதோ ஒன்றுக்கா?

மொழிபெயர்ப்பில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய கேள்வி இல்லை. நம்மில் பாதிப் பேர் ருஷ்ய நாவல்களைத் தமிழில்தான் படித்தோம். மூலத்தைப் பார்க்காதவர்கள், பார்த்தாலும் படிக்கத் தெரியாதவர்கள். நாம் படித்தது தஸ்தயேவ்ஸ்கிதானா என்று யாராவது கேட்டால் கொஞ்சம் கோபம் வருகிறது, கொஞ்சம் பயமும் வருகிறது. கேம்களிலும் நம் நிலைமை அதுவே. ஆர்கேட் இயந்திரத்தின் முன்னால் நின்று ஆடியவர்கள் நம் ஊரில் ரொம்பக் குறைவு. 'டிவி கேம்' என்ற பெயரில் வந்த மலிவுப் பெட்டியில் கேலக்சியனை ஆடியவர்களுக்குத் தெரிந்திருக்காது, அது ஒரு ஆர்கேட் கேமின் ஃபேமிகாம் போர்ட் என்றும், அந்தப் பெட்டியே ஃபேமிகாமின் நகல் என்றும். நகலுக்குள் போர்ட். அப்படியானால் நாம் ஆடியது எல்லாம் இரண்டாம் கையா?

இந்தக் கேள்வியை ஒரே ஒரு கேமை வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அதிகம் போர்ட் செய்யப்பட்ட ஷூட்டர்களில் ஒன்று, ஷூட்டர் என்ற வகைக்கே வாசலாக இருந்தது: ஸ்பேஸ் இன்வேடர்ஸ்.

*

1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட கேம் இது. உருவாக்கியவர் தொமோஹிரோ நிஷிகாடோ. கேமை மட்டுமில்லை, அது ஓடும் வன்பொருளையும் அவரேதான் வடிவமைத்தார்.

ஆட்டம் எளிமையானது. கீழே நம் பீரங்கி. இடம் வலமாக நகரலாம், சுடலாம். நாம் சுட்ட குண்டு திரையில் இருக்கும்வரை அடுத்த குண்டு வராது. மேலே ஐந்து வரிசையில், வரிசைக்குப் பதினொன்றாக, 55 ஏலியன்கள். எல்லாம் சேர்ந்து ஒரு பக்கமாக நகரும். ஓரத்தைத் தொட்டதும் ஒரு படி இறங்கி எதிர்ப்பக்கம் திரும்பும். நடுவில் நாலு அரண்கள். ஏலியன் குண்டும் அரணை அரிக்கும், நம் குண்டும் அரிக்கும். அவ்வப்போது உச்சியில் ஒரு பறக்கும் தட்டு ஊளையிட்டபடி கடக்கும். ஏலியன்கள் தரைக்கு வந்துவிட்டால், நமக்கு எத்தனை உயிர் மிச்சமிருந்தாலும் கதை முடிந்தது. 55 பேரையும் கொன்றால் இன்னொரு 55 பேர் வருவார்கள், முன்னைவிடக் கீழே இருந்து. ஜெயித்து முடிக்க முடியாத ஆட்டம். எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறோம் என்பதுதான் பேச்சு.

இதெல்லாம் வெளித்தோற்றம். இந்த கேமின் உயிர் வேறு ஒரு விதியில் இருக்கிறது: எதிரிகள் குறையக் குறைய, மிச்சமிருப்பவர்கள் வேகமாகிறார்கள். தொடக்கத்தில் 55 பேரும் ஊர்வலம் போல அசைந்து அசைந்து வருகிறார்கள். இருபது பேர் ஆகும்போது நடை. ஐந்து பேர் ஆகும்போது ஓட்டம். கடைசி ஒரு ஏலியன் திரையின் இரண்டு ஓரத்துக்கும் இடையே வெறி பிடித்ததுபோலப் பாய்கிறது. நம் ஒவ்வொரு வெற்றியும் அடுத்த நொடியைக் கடினமாக்குகிறது. நன்றாக ஆடியதற்கான தண்டனையை நாமே கட்டி எழுப்புகிறோம். விளிம்பில் நின்று கடைசி ஆளைக் குறிபார்க்கும்போது வரும் பதற்றம், எதிரி அனுப்பியது இல்லை. நாம் சுட்ட 54 குண்டுகள் சேர்த்து அனுப்பியது.

இந்த வேகம் எப்படி வந்தது என்பதற்கு எல்லாருக்கும் தெரிந்த ஒரு கதை உண்டு. அந்தக் காலத்து சிப் மெதுவானது. 55 ஏலியன்களை வரைய அது திணறியது. ஏலியன்கள் குறைந்ததும் பாரம் குறைந்து தானாக வேகம் கூடியது. தற்செயலாக நடந்ததை நிஷிகாடோ அப்படியே விட்டுவிட்டார். கேட்க நன்றாக இருக்கிறது. பாதி உண்மையும்கூட.

மீதிப் பாதிதான் எனக்கு முக்கியம். எமுலேட்டர் எழுதப் பழகுகிறவர்கள் பலரும் முதலில் எடுத்துக்கொள்வது இந்த கேமைத்தான். சிப் எளிமையானது, நிரல் சின்னது. நானும் அந்த வழியாகத்தான் இதன் உள்ளே போனேன். உள்ளே இருப்பது இது: 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இன்டெல் 8080 சிப். திரை வினாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் நிரல் ஒரே ஒரு ஏலியனை மட்டும் நகர்த்துகிறது. அடுத்த தடவை அடுத்த ஏலியன். 55 பேர் இருந்தால் ஒரு சுற்று முடிய 55 தடவை, கிட்டத்தட்ட ஒரு வினாடி. பத்துப் பேர் என்றால் ஆறில் ஒரு வினாடி. ஒரே ஆள் என்றால் வினாடிக்கு 60 அடி எடுத்து வைப்பான். படை மொத்தமாக நகராமல் அலை மாதிரி நெளிந்து நகர்வதும் இதனால்தான்.

எல்லாரையும் ஒரே நேரத்தில் நகர்த்தும் சக்தி வன்பொருளுக்கு இல்லை என்பதால் 'ஒரு தடவைக்கு ஒருவர்' என்ற விதி வந்தது, சரி. ஆனால் விதி வந்த பிறகு சிப்பின் வேகத்துக்கு அங்கே வேலை இல்லை. இன்றைய லேப்டாப்பில், எத்தனையோ மடங்கு வேகமான சிப்பில், திரை அதே 60 தடவை புதுப்பிக்கப்பட்டால், கடைசி ஏலியன் அதே வேகத்தில்தான் ஓடும். இன்னொன்றும் இருக்கிறது. பின்னணியில் இதயத்துடிப்பு மாதிரி ஒலிக்கும் அந்த நாலு சுரங்கள், டும் டும் டும் டும், அதுவும் ஆட்டத்தோடு வேகமாகும். அந்த வேகம் ஏலியன்களின் நகர்விலிருந்து தானாக வருவதில்லை. எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணிப் பார்த்து, நிரலுக்குள் இருக்கும் ஒரு அட்டவணையிலிருந்து இடைவெளியை எடுத்துக்கொள்கிறது. அட்டவணை தற்செயலாக முளைக்காது. யாரோ உட்கார்ந்து, இத்தனை பேர் இருந்தால் இவ்வளவு இடைவெளி என்று கணக்குப் போட்டு எழுதியது அது. வன்பொருளின் குறை ஒரு சந்தம் கொடுத்தது. நிஷிகாடோ அதைக் கேட்டு அதற்கு இசை எழுதினார். இதை விபத்து என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

*

மூலம் என்று நாம் கும்பிடும் இந்த கேமே ஒரு போர்ட்டின் வயிற்றில் பிறந்தது என்பது கதையின் சுவாரசியமான திருப்பம்.

1975இல் நிஷிகாடோ 'வெஸ்டர்ன் கன்' என்று ஒரு கேம் செய்தார். இரண்டு கௌபாய்கள் ஒருவரை ஒருவர் சுடும் ஆட்டம். அதில் மைக்ரோபிராசஸர் கிடையாது. தனித்தனி லாஜிக் சிப்களைக் கோத்துக் கட்டியது. அமெரிக்காவில் அதை வெளியிடும் உரிமையை மிட்வே நிறுவனம் வாங்கியது. அப்படியே வெளியிடாமல், இன்டெல் 8080ஐ வைத்து முழுசாக மாற்றி எழுதி 'கன் ஃபைட்' என்று கொண்டுவந்தார்கள். தன்னுடைய கேம் இன்னொருவர் கையில் மாறித் திரும்பி வந்ததைப் பார்த்த நிஷிகாடோ, மைக்ரோபிராசஸரால் அசைவுகள் எவ்வளவு வழவழப்பாக வருகின்றன என்று கவனித்தார். அடுத்து ஸ்பேஸ் இன்வேடர்ஸுக்கு அதே 8080ஐ எடுத்துக்கொண்டார்.

தன் கதையின் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு, அதிலிருந்து புது நடையைக் கற்றுக்கொண்டு அடுத்த நாவலை எழுதிய எழுத்தாளர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மூலம் மேலே, வழி கீழே என்று ஏணி போட்டு வைத்திருக்கிறோமே, இங்கே அந்த ஏணி கொஞ்சம் ஆடுகிறது.

மூலம் ஒன்றுதான் என்பதும் சரியில்லை. இந்த கேமின் திரை கறுப்பு வெள்ளை. நிறம் வேண்டும் என்பதற்காகக் கண்ணாடியின் மேல் வண்ண செலஃபேன் தாள்களை ஒட்டினார்கள். கீழே பச்சை, மேலே சிவப்பு. தாள் ஒட்டாத பெட்டிகளும் இருந்தன. உட்கார்ந்து ஆடும் மேசை வகை ஒன்று. நின்று ஆடும் வகை இன்னொன்று. அதில் திரை நேராகத் தெரியாது. ஒரு பாதிக்கண்ணாடியில் பிரதிபலித்து, பின்னால் வரைந்து வைத்த நிலாக் காட்சியின் மேல் மிதப்பதுபோலத் தெரியும். மேசையில் ஆடியவன் கறுப்பு வெறுமையில் சுட்டான். நின்று ஆடியவன் நிலாவின் முன்னால் சுட்டான். பிறகு உண்மையான வண்ணத் திரை வைத்ததும் வந்தது. இதில் எது மூலம்? ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: பாடபேதம்.

*

தொல்காப்பியம் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று பிரிக்கிறது. வழிநூல் நாலு வகை: முதல்நூலைச் சுருக்குவது, விரிப்பது, சுருக்கியும் விரித்தும் செய்வது, மொழிபெயர்ப்பது. 'நகல்' என்று ஒரு வகை அதில் இல்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? எப்படி வந்தாலும் அது ஒரு நூல். யூட்யூப் மார்க் பட்டியலைவிட இந்தப் பிரிவு எனக்கு உதவியாக இருக்கிறது. போர்ட்களை இதை வைத்தே பார்க்கிறேன்.

முதலில், எல்லாரும் மார்க் குறைக்கிற போர்ட்: அடாரி 2600.

1980இல் வந்தது. ஆர்கேட் கேம் ஒன்றை முறைப்படி உரிமம் வாங்கி வீட்டு கன்சோலுக்குக் கொண்டுவந்தது அதுவே முதல் தடவை. எழுதியவர் ரிக் மாரர். அடாரி அப்போது பெட்டியின் மேல் நிரலாளர் பெயரைப் போடாது என்பதால், லட்சக்கணக்கான வீடுகளில் ஆடியவர்களுக்கு அவர் யார் என்றே தெரியாது. மொழிபெயர்ப்பாளர் பெயரை அட்டையில் போடாத பதிப்பகங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அவர் கையில் இருந்த இயந்திரத்தைப் பாருங்கள். ஆர்கேட் இயந்திரத்தில் திரைப்படத்தை வைத்துக்கொள்ள மட்டும் 7168 பைட் நினைவகம். அடாரி 2600இன் மொத்த நினைவகம் 128 பைட். 56 மடங்கு வித்தியாசம். திரை முழுவதையும் நினைவில் வைக்கவே முடியாது. டிவியின் கதிர் ஒவ்வொரு வரியாக வரைந்துகொண்டு போகும்போது, அந்த வரியில் என்ன வர வேண்டும் என்பதை நிரல் அந்தந்த நொடியில் சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். வில்லுப்பாட்டில் பாடப் பாடக் கூடவே 'ஆமா' போடுகிறவர் மாதிரி, ஒரு கணம் பிந்தினால் படம் கலைந்துவிடும்.

அந்த சிப்பால் காட்ட முடிந்த முக்கியமான உருவங்கள் இரண்டு. இரண்டு பேர் ஆடும் எளிய ஆட்டங்களுக்காகச் செய்த கன்சோல் அது. ஆளுக்கு ஒரு உருவம் போதும் என்று நினைத்தார்கள். ஆனால் ஒவ்வொரு உருவத்தையும் ஒரே வரியில் மூன்று பிரதியாகக் காட்டும் வசதி இருந்தது. இரண்டு உருவம், மூன்று பிரதி: ஆறு. அடாரி 2600இல் வரிசைக்கு ஆறு ஏலியன்கள் மட்டும் இருப்பதன் கணக்கு இதுதான். ஆறு வரிசை, ஆக 36 பேர். அரண்கள் நாலுக்குப் பதில் மூன்று. உருவங்களும் வேறு.

மார்க் பட்டியல்படி பார்த்தால் 55க்கு 36. பெயில் இல்லை, ஆனால் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போக முடியாது.

இப்போது ஆடிப் பாருங்கள். படை குறையக் குறைய வேகம் கூடுகிறது. கடைசி ஆள் பாய்கிறான். வயிற்றுக்குள் அதே பிசைவு. இது எப்படி? ஆர்கேடில் 'ஒரு தடவைக்கு ஒருவர்' என்ற விதியிலிருந்து வேகம் பிறந்தது. அடாரியில் அந்த விதியே கிடையாது. ஆறு பேரும் இரண்டு உருவங்களின் பிரதிகள் என்பதால் படை மொத்தமாக ஒரே தாவலில் நகரும், நெளிவு இல்லை. எத்தனை பேர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் திரையை வரைய அதே நேரம்தான் ஆகும். வேகம் தானாக வர அங்கே வழியே இல்லை. மாரர் அதை யோசித்து, எண்ணி, எழுதிச் சேர்த்திருக்கிறார். 19 ஏலியன்களை விட்டுவிட்டவர் இதை விடவில்லை. எதை விடலாம், எதை விட்டால் கேமே இல்லை என்பதை அவர் தெரிந்து வைத்திருந்தார். நல்ல மொழிபெயர்ப்பாளர் எதுகையை விட்டுவிட்டுக் குரலைக் காப்பாற்றுவது போல.

அதோடு நிற்கவில்லை. கேட்ரிட்ஜில் 112 ஆட்ட வகைகள் இருக்கின்றன. பெரிய எண் மாதிரித் தெரிந்தாலும் கணக்கு எளிது. அரண்கள் அசையலாம் அல்லது நிற்கலாம். குண்டுகள் நேராக வரலாம் அல்லது கோணல்மாணலாக வரலாம். வேகமாக வரலாம் அல்லது மெதுவாக வரலாம். ஏலியன்கள் கண்ணுக்குத் தெரியலாம் அல்லது தெரியாமல் போகலாம். நாலு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதில்: 16. இதைத் தனியாக ஆடுவது, இருவர் மாறி மாறி ஆடுவது, ஒரே திரையில் போட்டி போடுவது, ஒரே பீரங்கியை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வது என்று ஏழு முறைகளில் ஆடலாம். 16 ஏழு 112.

இதில் கண்ணுக்குத் தெரியாத ஏலியன்கள் வகையைத்தான் நான் திரும்பத் திரும்பப் போய் ஆடுகிறேன். திரை காலி. ஒருவனைச் சுட்டால் மற்றவர்கள் ஒரு கணம் மின்னி மறைவார்கள். மற்றபடி எங்கே இருக்கிறார்கள் என்பதை நடையின் தாளத்தை வைத்து நாமே ஊகிக்க வேண்டும். மூலத்தில் தாளம் பின்னணியில் இருந்தது. இங்கே தாளம் மட்டும்தான் இருக்கிறது. இது மூலத்தைப் பற்றிய ஒரு விமர்சனக் கட்டுரை, கேமாக எழுதப்பட்டது. எண்ணிக்கையில் சுருக்கம், சாத்தியத்தில் விரிவு. தொல்காப்பியர் கணக்கில் மூன்றாவது வகை, சுருக்கியும் விரித்தும். அதுவும் 4 கிலோபைட்டுக்குள்.

*

அதே 1980இல், அதே அடாரி நிறுவனம், தன் 8 பிட் வீட்டுக் கணினிகளுக்கும் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கொண்டுவந்தது. எழுதியவர் ராப் ஃபுலோப். பின்னாளில் 'டீமன் அட்டாக்' என்ற புகழ்பெற்ற ஷூட்டரைச் செய்தவர். 2600ஐ விட எவ்வளவோ பலமான இயந்திரம். நினைவகப் பஞ்சம் இல்லை, நிறங்களுக்குக் குறைவில்லை. மார்க் பட்டியல்காரர்கள் கணக்குப்படி இதுதான் மூலத்துக்குக் கிட்டே வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. ஃபுலோப் தன் இஷ்டத்துக்கு மாற்றினார். இடது பக்கம் ஒரு ராக்கெட் நிற்கிறது. ஏலியன்கள் அதிலிருந்து இறங்கி வருகிறார்கள். பார்க்க அழகு. ஆனால் அரண்கள் கிடையாது. ஒன்றுகூட.

துணிச்சலை நான் மதிக்கிறேன். விரிப்பதும் வழிநூலுக்கு உரிய வழிதான். ஆனால் அரணை எடுத்ததில் ஒரு முக்கியமான விஷயம் போய்விட்டது. ஆர்கேடில் அரண் வெறும் சுவர் இல்லை. அது நம் பயத்தின் பதிவேடு. எங்கே ஒளிந்தோம், எத்தனை தடவை அவசரப்பட்டு உள்ளே இருந்தபடியே சுட்டு நம் கூரையை நாமே ஓட்டை போட்டோம் என்பதெல்லாம் அதில் தெரியும். ஆட்டம் போகப் போக ஏலியன்கள் வேகமாகிறார்கள். அதே நேரத்தில் நம் மறைவிடம் கரைகிறது. இரண்டு கோடுகள், ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது. அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் பயம் உச்சத்துக்குப் போகிறது. ஃபுலோப் ஒரு கோட்டை வைத்துக்கொண்டு இன்னொன்றை அழித்துவிட்டார். மிச்சம் இருப்பது அனிச்சையாகக் கை ஓடும் வேகம். கெட்டிக்காரத்தனமான ஷூட்டர்தான், ஆனால் எதையும் இழக்காத ஷூட்டர். இழக்க ஒன்றும் கொடுக்காத கேமில் பயம் எங்கிருந்து வரும்?

வசதி குறைந்த இயந்திரத்தில் உயிர் வந்தது, வசதி உள்ளதில் நழுவியது. இதை ஒரு விதியாக்கிவிட எனக்கு ஆசை, ஆனால் மாட்டேன். பஞ்சம் தானாக யாரையும் கலைஞனாக்காது. அந்தக் காலத்தில் உரிமம் இல்லாமல், பெயரை மட்டும் மாற்றி, எத்தனையோ சின்னக் கணினிகளில் வந்த ஏலியன் கேம்கள் பஞ்சத்திலேயே பிறந்து பஞ்சமாகவே செத்தன. வித்தியாசம், எதைக் காப்பாற்றுவது என்று தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது.

*

1994இல் டைட்டோ சூப்பர் ஃபேமிகாமுக்கு ஒன்றைக் கொண்டுவந்தது. இதை நான் செம்பதிப்பு என்பேன். முன்னால் சொன்ன பாடபேதங்களை அது விருப்பத்தேர்வுகளாக வைத்திருக்கிறது. கறுப்பு வெள்ளை வேண்டுமா, செலஃபேன் ஒட்டியது வேண்டுமா, நின்று ஆடும் பெட்டியின் தோற்றம் வேண்டுமா? எடுத்துக்கொள்ளுங்கள். எது சரியான பாடம் என்று பதிப்பாசிரியர் தீர்ப்புச் சொல்லவில்லை, எல்லாவற்றையும் நம் முன்னால் வைத்துவிடுகிறார். செலஃபேன் தேர்வில் ஒரு நுட்பம் இருக்கிறது. நிறம் ஏலியனுக்குச் சொந்தமில்லை, இடத்துக்குச் சொந்தம். மேலே இருந்து இறங்குகிறவன் பச்சைப் பட்டைக்குள் நுழைந்தால் பச்சையாகிவிடுவான். நம் பீரங்கியின் நிறம் அவன்மேல் ஏறுகிறது என்றால் கதவருகே வந்துவிட்டான் என்று அர்த்தம். ஆளுக்கு ஒரு நிறம் என்று பூசிவிட்ட போர்ட்களில் இந்த எச்சரிக்கை கிடைக்காது.

அதே வருடம் வந்த கேம்பாய் கேட்ரிட்ஜில் ஒரு வித்தை உண்டு. கேம்பாயில் போட்டால் சின்னத் திரையில் சின்ன கேம். சூப்பர் கேம்பாய் வழியாகப் பெரிய கன்சோலில் செருகினால், உள்ளே ஒளித்து வைத்த இன்னொரு நிரல் அந்தக் கன்சோலின் நினைவகத்துக்கு ஏறி, ஆர்கேட் வடிவம் அங்கேயே ஓடத் தொடங்கும். சுருக்கமும் முழுநூலும் ஒரே அட்டைக்குள். ரசித்துவிட்டு நகரலாம்.

2008இல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ் எக்ஸ்ட்ரீம்' போர்ட் இல்லை, முழு விரிவுரை. நாம் சுடும் சத்தமும் ஏலியன் வெடிக்கும் சத்தமும் பாட்டோடு கலந்து ஓடும். அந்த நாலு சுரங்கள் என்றைக்கும் சும்மா பின்னணி இல்லை என்பதை முப்பது வருடம் கழித்து டைட்டோவே உரக்கச் சொன்னது.

*

சரி, எமுலேட்டர் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு? மூலத்தின் நிரலையே, 8080இன் ஒவ்வொரு கட்டளையாக நம் கணினியின் மொழிக்கு மாற்றி ஓட்டிவிடலாமே. வழிநூலில் நாலாவது வகை இது, சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு.

இதன் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆர்கேடில் 23ஆவது குண்டில் பறக்கும் தட்டை அடித்தால் 300 புள்ளி; அதன் பிறகு ஒவ்வொரு 15ஆவது குண்டுக்கும் அதே 300. மர்மம் என்று நினைத்ததற்குள் ஒரு எண்ணிக்கை ஒளிந்திருந்தது. ஆடியவர்கள் எண்ணிக் கண்டுபிடித்தார்கள். 'நகோயா தாக்குதல்' என்று ஜப்பானில் பெயர் பெற்ற உத்தியும் உண்டு. ஏலியன்கள் கடைசிப் படிக்கு இறங்கிவிட்டால் அவர்கள் குண்டு நம்மைத் தொடாது. அவ்வளவு அருகே வரவிட்டு, சாவின் மூச்சு முகத்தில் படும் தூரத்தில் நின்று, ஒவ்வொருவராகச் சுடுவது. நிரலின் ஒரு சந்துக்குள் ஆடியவர்கள் கட்டிய வீடு அது. எமுலேட்டரில் இவை தானாக வரும். பார்த்து எழுதிய போர்ட்டில், யாராவது நினைவு வைத்து எழுதினால்தான் வரும்.

ஆனால் நிரல் இல்லாதது எதுவும் எமுலேட்டருக்குத் தெரியாது. அந்த டும் டும் சத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்கேடில் சத்தங்கள் அனலாக் சுற்றுகளிலிருந்து வந்தன. நிரல் 'இப்போது ஒலி' என்று ஒரு சமிக்ஞை கொடுக்கும், அவ்ளோதான். அதனால் மேம் எமுலேட்டர் வெகுகாலம் அசல் இயந்திரத்திலிருந்து பதிவு செய்த ஒலிக்கோப்புகளைத்தான் அந்த இடத்தில் போட்டு ஓட்டியது. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பில், நடுவே யாரோ வாய்விட்டுப் படித்த டேப். கேமின் திரை நெட்டுவாக்கில் நின்றது. என் லேப்டாப் திரையோ படுத்துக் கிடக்கிறது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை, நடுவில் ஒரு சந்து மாதிரி கேம். செலஃபேன், பாதிக்கண்ணாடி, நிலா எதுவும் நிரலில் இல்லை. இவற்றை வேறு யாராவது தனியாகச் செய்து சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்ப்பவர் திரும்பவும் ஒரு தேர்வு செய்கிறார். ஆக, எந்திரத்தனமான மொழிபெயர்ப்பும் கடைசியில் ஒரு மனிதத் தேர்வில்தான் போய் நிற்கிறது.

*

எனக்கு எமுலேட்டர் வேண்டும். மூலத்தின் நிரல் பிழைத்திருக்க வேண்டும், அட்டவணையும் 23ஆவது குண்டும் நகோயாவும் அழியக் கூடாது. இல்லாவிட்டால் எதிலிருந்து எது மாறியது என்று பேசவே முடியாமல் போகும். ஆனால் அது மட்டும் போதும், மற்றதெல்லாம் குறைப்பிரசவம் என்கிற மார்க் பட்டியல் மனநிலை எனக்கு ஏற்புடையதில்லை. அந்தப் பட்டியல் எண்ணக்கூடியதை எண்ணுகிறது: ஏலியன்கள், அரண்கள், நிறங்கள். 36ஐ 55ஆல் வகுக்கிறது. வகுத்தால் வராத ஒன்று இருக்கிறது. ஒரு செயலும் அதன் விளைவும் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பது. சுடுகிறேன், அதனால் அவர்கள் வேகமாகிறார்கள், அதனால் என் கை நடுங்குகிறது. இந்த 'அதனால்'தான் கேம். இதைக் கடத்திவிட்ட போர்ட் எத்தனை குறைகளோடு வந்தாலும் அது ஸ்பேஸ் இன்வேடர்ஸ். இதைக் கடத்தாதது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேறு ஒன்று.

மார்க் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், என் பட்டியலில் ரிக் மாரர் முதலில் நிற்கிறார். 1980இல் எங்கோ ஒரு வீட்டின் கூடத்தில், படுத்த டிவியில், 36 ஏலியன்களோடு மட்டும் ஆடிய பிள்ளைக்கு எதுவும் குறைத்துக் கொடுக்கப்படவில்லை. கடைசி ஏலியன் பாயும்போது அந்தப் பிள்ளைக்கு வந்த பதற்றம் இரண்டாம் கை இல்லை. தமிழில் ரஸ்கோல்னிகோவைப் படித்துத் தூக்கம் தொலைத்தவர்களின் தூக்கமும் அப்படியே. அது அசலாகவே தொலைந்தது.